இரண்டாவது வெள்ளம்

சண்டை நடக்கும் இடம் வெறும் பின்னணிதான், சண்டைக்கு உயிர் கொடுப்பது எதிரிதான் என்று என் நண்பர் ஒருவர் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை எனக்கு முன்பிருந்தே நடத்துபவர். அவருடைய மேசையில் உட்கார்ந்துதான் நான் இந்த விளையாட்டையே கற்றுக்கொண்டேன். அதனால் எடுத்த எடுப்பில் மறுத்துப் பேச மனம் வரவில்லை, ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. அவருடைய வாதம் எளிமையானது. நல்ல எதிரியை ஒரு நோக்கத்தோடும் ஓரிரு சுவையான திறன்களோடும் கொண்டுவந்து நிறுத்தினால் பொட்டல்வெளியில்கூடச் சண்டை சூடுபிடிக்கும். சப்பென்ற எதிரியை எரிமலையின் வாயில் நிறுத்தினாலும் சலிப்புதான் மிஞ்சும். “எரிமலையை வரைகிற நேரத்தில் அந்த எதிரிக்கு ஒரு பெயராவது வை, தம்பி” என்பார்.

அதில் பாதி உண்மை இருக்கிறது. எரிமலையும் பனிப்பாறையும் ஆடும் பாலமுமாக வரைபடத்தை நிரப்பிவிட்டு, கடைசிவரை யாரும் அவற்றைத் தொடாமலே முடிந்த சண்டைகளை எத்தனையோ மேசைகளில் பார்த்திருக்கிறேன். அழகான ஓவியத்தின் மேல் பொம்மைகள் ஆணியடித்தாற்போல் நிற்கும். ஆனால் அதை வைத்து இடம் முக்கியமில்லை என்று முடிவுகட்டுவது சரியாகப்படவில்லை. அந்த இடங்கள் எதைச் செய்யத் தவறின என்பதுதான் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்த கேள்வி.

நகராதே என்று சொல்லும் விதி

எல்லாரும் பார்த்த காட்சி ஒன்று உண்டு. அறைக்கு ஒரே கதவு. கவசம் பூண்ட வீரர் நேராகப் போய் நிலைப்படியில் நின்றுகொள்கிறார். உள்ளே இருக்கும் ஆறு எலும்புக்கூடுகளும் அவரிடம்தான் வந்தாக வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் மந்திரவாதியும் வில்லாளியும் சாவகாசமாக வேலையைப் பார்க்கிறார்கள். எல்லாரும் தத்தம் முறையை ஒருமுறை ஆடி முடித்தால் அது ஒரு சுற்று. இரண்டாம் சுற்றிலிருந்து யாரும் ஓர் அடிகூட நகர்வதில்லை. பகடை உருள்கிறது, உயிர்ப்புள்ளி எண்கள் குறைகின்றன, யாரோ தேநீர் போட எழுந்து போகிறார்கள். அவர் திரும்பி வரும்போது வரைபடம் விட்டுப்போனபடியே இருக்கிறது.

இதற்கு விளையாடுபவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் செய்தது புத்திசாலித்தனமான காரியம். விதியே அவர்களை நகராதே என்கிறது. எதிரியின் அடி எட்டும் தூரத்திலிருந்து விலகினால் அவனுக்கு இலவசமாக ஓர் அடி கிடைக்கும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த விதி விரிவாக இருந்தது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அதைச் சுருக்கியதே தவிர நீக்கவில்லை. அடி வாங்காமல் விலக வேண்டுமானால் அந்த முறைக்கான செயலையே விட்டுக்கொடுக்க வேண்டும். ஆக, நகர்வதற்குத் தண்டம் உண்டு. வெறும் அறையிலோ நகர்வதற்குக் கூலி என்று எதுவும் இல்லை. கூலி இல்லாமல் தண்டம் மட்டும் இருக்கும் வேலையை யார் செய்வார்கள்?

இந்த விளையாட்டின் முன்னோர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்காது. கேரி கைகாக்ஸும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் லேக் ஜெனிவா ஊரில் அவர் வீட்டு நிலவறையில் மணல் மேசை போட்டுப் போர் விளையாட்டு ஆடியவர்கள். மணலில் மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். மேட்டைப் பிடித்தவனுக்கு அனுகூலம். அந்த ஆட்டத்திலிருந்து 1971-ல் செயின்மெயில் விதிகள் வந்தன. டேவ் ஆர்னெசனின் பிளாக்மூர் ஆட்டமும் சேர்ந்துகொண்டு 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறந்தது. சண்டை நிலத்தடிக்கு இறங்கியதும் மணல்மேடு போய், கட்டம் போட்ட தாளில் பத்தடி அகல நடைவழி வந்துவிட்டது. தாளில் மேடு பள்ளம் தெரியாது. அந்த இழப்பை நாம் இன்னும் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாலத்தின் மேல் நின்றவன்

என் எண்ணம் ஒரு வடிவத்துக்கு வந்தது கிராக்மா ஒளிவிடத்தில். ஐந்தாம் பதிப்பின் தொடக்கப் பெட்டியில் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்’ சாகசத்தின் முதல் குகை. புதியவர்களுக்கான குகை என்பதாலேயே பலரும் அதை அதிகம் யோசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். குகையின் முக்கியப் பாதை வழியாகவே ஓர் ஓடை வெளியே ஓடிவருகிறது. உள்ளே சிறிது தூரத்தில் பாதைக்குக் குறுக்கே இருபதடி உயரத்தில் ஒரு பாலம். அதன் மேல் காவலுக்கு கோப்ளின் எனும் குட்டிப் பூதம் ஒன்று. இன்னும் உள்ளே, கல்லடுக்கி ஓடைநீரைத் தேக்கிய இரண்டு குளங்கள். பாலத்துக் காவலாளி குரல் கொடுத்தால் குளத்தருகே இருப்பவர்கள் ஓர் அணையைத் தட்டிவிடுவார்கள். அடுத்த சுற்றில் பாதை முழுக்க வெள்ளம் பாயும். கதைக்குள் ஒரு சுற்று என்பது ஆறு நொடிதான்.

முதல் வெள்ளம் வந்தபோது எங்கள் மேசையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பகடை உருட்டச் சொன்னேன். வீரரும் பூசாரியும் பிடி நழுவி அடித்துச் செல்லப்பட்டு, குகை வாயிலில் போய் விழுந்தார்கள். ஆளுக்கு ஓர் ஆறுபக்கப் பகடை அளவுக்குச் சேதம். தாளில் எண்ணைக் குறைத்துக்கொண்டு “பொறி, முடிந்தது” என்றார் வீரராக ஆடியவர். எல்லார் முகத்திலும் அதே எண்ணம்தான்.

அந்தச் சாகசத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. முதல் வெள்ளம் எல்லாரையும் அடித்துச் சென்றதா என்று காவலாளி பொறுத்துப் பார்ப்பான். அதன் பிறகுதான் இரண்டாவது குளத்தைத் திறக்கச் சொல்வான். அதை நான் அப்படியே காட்சியாகச் சொன்னேன். பாலத்தின் மேல் இருப்பவன் அம்பு எய்யவில்லை. விளிம்பில் மண்டியிட்டுத் தலையை நீட்டிக் கீழே பார்க்கிறான். விரலை நீட்டி உங்களை எண்ணுகிறான்.

எங்கள் குழுவில் இளையவள், மந்திரவாதியாக ஆடுபவள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அண்ணா, அவன் எதற்கு எண்ணுகிறான்?” நான் பதில் சொல்லவில்லை. மேசையில் யாரும் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள்: “இன்னொரு வெள்ளம் இருக்கிறது.”

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் அதுவரை நடத்தியதிலேயே உயிருள்ள சண்டை. குகைக்குள் நுழைந்த உடனே பக்கத்தில் ஓர் அறை. அங்கே சங்கிலியில் கட்டிய ஓநாய்கள். அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் முன்னேறியிருந்தார்கள். இப்போது அந்த ஓநாய் அறைக்கு ஏறும் படிகள்தாம் வெள்ளத்துக்குத் தப்ப வாய்ப்புள்ள இடங்களில் ஒன்று. மந்திரவாதி அங்கே ஓடினாள். மேல்படியில் நின்றால் சங்கிலி எட்டும் தூரத்துக்குள் வருவோமா என்று கேட்டுக்கேட்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். திருடர் அதற்கு நேர்மாறாக, பாலத்தை நோக்கிச் சுவரில் தொற்றினார். குரல் எழும் முன் குரல்வளையைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. குகை வாயிலில் கிடந்த வீரரின் முன் இரண்டு வழிகள். முழு வேகத்தில் ஓடினால் ஒரு சுற்றில் அறுபது அடி. அதற்குள் நீர் வந்தால் மறுபடியும் வாயிலுக்கே. வெளியே பத்திரமாக நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு உதவி இல்லை. அவர் தன் முறைக்குக் காத்திருக்காமல் அடுத்தவர்களின் முறையின்போதும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலைப்படியில் நின்றுகொண்டு முறை வரும்போது மட்டும் தலைநிமிர்பவர் அவர்!

திருடரின் கத்தி முந்திக்கொண்டது. காவலாளி குரல் எழுப்பும் முன் சாய்ந்தான். இரண்டாவது வெள்ளம் வரவே இல்லை.

வந்த வெள்ளம் இரண்டு பேரைப் புரட்டிப்போட்டும் யாரையும் யோசிக்க வைக்கவில்லை. வராத வெள்ளம் ஆளாளுக்கு ஒரு திசையில் ஓடவைத்தது. அதே நீர், அதே பாதை, அதே பகடை. முதல் முறை அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது முறை தெரியும். இடம் அசைகிறதா என்பதைவிட, அசையப்போகிறது என்று ஆடுபவர்களுக்கு முன்கூட்டியே தெரிகிறதா என்பதுதான் பெரிது என்று அன்றிரவு எனக்குப் பட்டது. தெரியாமல் வருவது பொறி. தெரிந்தே வருவது களம்.

நீர் பறித்தது தூரத்தை

இன்னொன்றும் அந்தக் குகையில்தான் விளங்கியது. வெள்ளத்தின் சேதம் மிகச் சிறியது. அது பறித்தது உயிர்ப்புள்ளிகளை அல்ல, தூரத்தை. அரும்பாடுபட்டு முன்னேறிய பாதை முழுவதையும் மறுபடி நடக்க வேண்டும் என்பதுதான் தண்டனை.

நாம் பொதுவாக ஆபத்தான இடம் என்றதும் எத்தனை பகடைச் சேதம் என்றே யோசிக்கிறோம். அது பாத்திரத்தின் தேர்ச்சி நிலைக்கேற்ப மாறிவிடும் விலை. பத்தடி விழுந்தால் ஓர் ஆறுபக்கப் பகடை என்பது விதி. இருபதடிப் பாலத்திலிருந்து விழுந்தால் சராசரியாக ஏழு புள்ளி போகும். முதல் நிலை மந்திரவாதி அத்தோடு தரையில் கிடப்பார். பத்தாம் நிலை வீரரோ அதே பாலத்திலிருந்து சும்மாவே குதித்துவிடுவார், ஏணியைத் தேடும் நேரம் மிச்சம். ஆனால் ‘நீ இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு சுற்றுத் தொலைவில் இருக்கிறாய்’ என்பது எந்த நிலையிலும் வலிக்கும். ஐந்தாம் பதிப்பின் சண்டைகள் பெரும்பாலும் மூன்று நான்கு சுற்றில் முடிந்துவிடுகின்றன; எதிரியின் சராசரிச் சேதத்தைக் கணக்கிடும்போது 2014 வழிகாட்டி நூலும் மூன்று சுற்றுகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. மூன்றில் இரண்டு போனால் என்ன மிஞ்சும்?

இதே கணக்குதான் இடம் எப்போது மாற வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஐந்தாம் சுற்றில் இடிந்து விழப்போகும் கூரையை யாரும் பார்ப்பதில்லை, அதற்குள் சண்டை முடிந்திருக்கும். முதல் சுற்றிலேயே விரிசல் கேட்க வேண்டும், இரண்டாம் சுற்றின் முடிவில் விழுந்தாக வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தபோது டிராகன் குகைகளின் லேர் ஆக்‌ஷன் விதி எனக்குக் குறையுள்ளதாகத் தெரிந்தது. 2014 விதிகளில், இனிஷியேட்டிவ் எனும் முறைவரிசையின் எண் இருபதில் குகையே ஒரு செயலைச் செய்யும்: செந்நிற டிராகனின் குகையில் டிராகன் பார்க்கும் ஓரிடத்தில் எரிகுழம்பு பீறிடும், தப்ப முடியாதவருக்கு ஆறு ஆறுபக்கப் பகடைச் சேதம். அருமையான எண்ணம். ஆனால் அது அறிவிப்பின்றி வருகிறது. உருட்டு, குறைத்துக்கொள், அடுத்தவர் முறை. நான் அதில் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. எண் இருபதில் தரை சிவந்து பொருக்கு வெடிப்பதைச் சொல்கிறேன். எரிகுழம்பு பீறிடுவது அடுத்த சுற்றின் இருபதில். இடைப்பட்ட நேரத்தில் மேசையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு முறை கிடைக்கிறது, டிராகனுக்கும் கிடைக்கிறது. அந்தக் கட்டத்திலிருந்து ஒதுங்குவதா, எதிரியின் கையாளை அதற்குள் தள்ளுவதா, அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று நின்று வெட்டுவதா? ஐந்தடி தள்ளும் சாதாரணத் தள்ளலும் பத்தடி விரட்டும் இடியலை மந்திரமும் அப்போதுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன.

2008-ல் வந்த நான்காம் பதிப்பை இந்த ஒரு விஷயத்துக்காக நான் இன்றும் மதிக்கிறேன். தள்ளுவதும் இழுப்பதும் நகர்த்துவதும் அதில் ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களின் கையிலும் இருந்தன. விளிம்பைத் தாண்டித் தள்ளப்படுபவருக்குக் கடைசியாக ஒரு பகடை உண்டு. பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் விளிம்பிலேயே விழுந்து தப்பிக்கொள்ளலாம். அந்தப் பகடை உருளும் நேரத்தில் மேசை மூச்சை அடக்கிக்கொள்ளும். அந்தப் பதிப்பின் சண்டைகள் நீளமானவை என்ற குறை நியாயமானதுதான். ஆனால் நிலத்தை அது ஒருபோதும் மறக்கவில்லை.

கட்டம் போட்ட வரைபடம் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2013-ல் வந்த 13-த் ஏஜ் ஆட்டத்தில் கட்டமே இல்லை. மோதிக்கொண்டிருக்கிறாய், அருகில் இருக்கிறாய், தொலைவில் இருக்கிறாய், அவ்வளவுதான். ‘நீ படியில் நிற்கிறாய், நீர் வரப்போகிறது’ என்று சொல்ல அதுவே போதும்.

மணி வார்க்கும் பட்டறை

இப்போதெல்லாம் சண்டைக்கான இடத்தை யோசிக்கும்போது, அங்கே சண்டை இல்லாத நாளில் என்ன வேலை நடக்கும் என்பதில்தான் தொடங்குகிறேன். வேலை நடக்கும் இடத்துக்குத் தானாகவே ஒரு கடிகாரம் இருக்கும், அது யாருக்காகவும் நிற்காது. அண்மையில் நான் அமைத்தது ஒரு மணி வார்ப்புப் பட்டறை. ஒரு தீய வழிபாட்டுக் கூட்டம் தன் கோயிலுக்குப் பெரிய மணி ஒன்றை வார்க்கிறது. அது ஒலித்துவிட்டால் கதை வேறு திசையில் போய்விடும். மணி வார்ப்பது பற்றித் தேடிப் படித்தபோது தேவையான எல்லாம் அதிலேயே கிடைத்தன. செம்பும் வெள்ளீயமும் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில். அச்சைக் குழிக்குள் இறக்கிச் சுற்றிலும் மண் கெட்டிப்பார்கள், இல்லாவிட்டால் உலோகத்தின் அழுத்தத்தில் பிளந்துவிடும். ஊற்றத் தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மணியில் குறை விழும். அச்சில் ஈரம் இருந்தால் நீராவி வெடித்து உலோகம் சிதறும்.

இவற்றில் நான் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. உலையின் வாய் திறந்ததும் உருகிய உலோகம் தரையில் வெட்டிய வாய்க்கால் வழியே குழிக்கு ஓடுகிறது. அந்த வாய்க்கால் பட்டறையை இரண்டாகப் பிரிக்கிறது. நடுவில் ஒரு மடை. அதன் நீண்ட இரும்புப் பிடியை இழுப்பவர் உலோகம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறார். எதிரிகளுக்கு உலோகம் ஊற்றுவது நான்கு சுற்று இடைவிடாமல் நடக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு சுற்று தடைபட்டால் போதும். யார் வென்றாலும் தோற்றாலும் உலோகம் நின்ற மறுசுற்றில் வாய்க்காலின் மேல் ஏடு கட்டத் தொடங்கும். அதன் பின் துணிந்தவர்கள் அதன் மேலேயே கடக்கலாம். இவை எல்லாவற்றையும் முதல் சுற்றுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். ஒரு கொல்லர் உரக்கக் கத்துகிறார்: “நான்கு மூச்சு! அதுவரை மடையை யாரும் தொடக் கூடாது!”

பட்டறைக்கு இரண்டு வாசல்கள் வைத்திருந்தேன். அந்தப் பாடம் சாகச வடிவமைப்பாளர் ஜெனெல் ஜாக்குவேஸிடம் கற்றது. 1979-ல் வெளிவந்த, அவர் எழுதிய ‘கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா’ குகைகளில் எங்கும் ஒரே வழி என்பது அரிது. சுற்றிக்கொண்டு பின்புறம் வரலாம், மேலே நின்று கீழ்த்தளத்தைப் பார்க்கலாம். வழக்கமாக அதை அலைந்து திரியும் இன்பத்துக்காகப் பாராட்டுவார்கள். எனக்கு அது சண்டைக்கான அறிவுரையாகவே படுகிறது. வழி ஒன்றாக இருந்தால் நிலைப்படியில் ஒருவர் நின்றுகொள்வார், அத்தோடு அறை செத்துவிடும். 2024-ல் ஜாக்குவேஸ் மறைந்தபோது நான் எடுத்துப் பார்த்ததும் அந்த வரைபடங்களைத்தான்.

நண்பரின் மறுப்பு

பட்டறைச் சண்டையை விவரித்தபோது நண்பர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் அவர் சொன்னது: “நீ சொல்வதும் எதிரியைப் பற்றித்தான். அந்தக் கூட்டத்துக்கு மணி வேண்டும். அது இல்லாவிட்டால் உன் வாய்க்கால் வெறும் வாய்க்கால்.” அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. பாலத்தின் மேல் நின்றவன் எண்ணியிராவிட்டால் குளம் வெறும் குளம்தான். ஆனால் குளம் இல்லாமல் அவன் எண்ணியிருந்தாலும் எண்களைத் தவிர அவன் கையில் ஒன்றும் இருந்திருக்காது. எதிரியின் விருப்பம் ஆடுபவர்களுக்குக் கண்ணால் தெரிவது இடத்தின் வழியாகத்தான். அறிவில்லாத எலும்புக்கூடுகளோடு சண்டை என்றால் என்ன செய்வாய் என்று அடுத்துக் கேட்டார். அங்கேதான் இடம் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும் என்பது என் பதில். எலும்புக்கூடு வெள்ளத்துக்கு ஒதுங்காது. அது அடித்துச் செல்லப்படுவதற்கு ஏற்ற இடத்தில் அதை இழுத்து நிறுத்தலாம் என்பதை ஆடுபவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடாதது பறத்தல். ஐந்தாம் நிலைக்கு வந்ததும் மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் கிடைக்கிறது. ஒரு சுற்றில் அறுபது அடி, பத்து நிமிடம் வரை. தரையில் எவ்வளவு கவனமாக வாய்க்கால் வெட்டினாலும் அவர் தலைக்கு மேலே போய்விடுவார். பறக்கக் கூடாது என்று தடைபோடுவது எனக்குப் பிடிக்காது. உழைத்துப் பெற்ற மந்திரத்தை வாசலில் பிடுங்கிவைப்பது முறையல்ல. பட்டறையில் நான் செய்தது, கூரையையும் வேலைக்கு உட்படுத்தியது. உலைப்புகை மேலே தேங்குகிறது, ஒவ்வொரு சுற்றும் பத்தடி கீழே இறங்குகிறது. புகைக்குள் இருப்பவருக்குக் கண் தெரியாது. இருமலில் கவனம் கலைந்தால் மந்திரமும் கலையும். கூரையில் புகைபோக்கியின் மூடி ஒன்று உண்டு, அதைத் திறக்கும் சங்கிலி எதிரிகளின் பக்கச் சுவரில். எங்கள் மந்திரவாதி முதல் சுற்றில் உயரே பறந்தாள், இரண்டாம் சுற்றில் புகை இறங்குவதைப் பார்த்தாள், மூன்றாம் சுற்றில் வாய்க்காலைக் கடந்து அந்தச் சங்கிலியில் போய்த் தொங்கினாள்.